செத்தவன் பக்கம்

என் மாமா விழுப்புரத்தில் வக்கீலாக இருந்தார். அவரோடு நான் பதினோரு மாதம் பேசாமல் இருந்தேன். என் அம்மாவும் அந்த வருஷத் தீபாவளிக்குச் சொந்தத் தம்பியை வாவென்று அழைக்கவில்லை. சொத்துத் தகராறு ஒன்றுமில்லை. கல்யாண வீட்டில் மரியாதை குறைந்துவிட்டது என்ற மனத்தாங்கலும் இல்லை. அவர் ஒரு வழக்கை எடுத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

இருபது வருஷத்துக்கு மேலிருக்கும். கெடாருக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் வட்டிக்கு விடுகிறவர் ஒருவரின் ஆள், கூலிக்காரன் ஒருவனைக் கிணற்று மேட்டில் வைத்துப் பிடித்துத் தள்ளினான். தள்ளப்பட்டவன் கருங்கல்லில் விழுந்தான். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் செத்துப்போனான். கடலை பிடுங்கவும் கரும்பு வெட்டவும் போகிற மனிதன். மனைவியும் இரண்டு பிள்ளைகளும். வசூலுக்கு வருகிற அந்த ஆளைச் சுற்று வட்டாரத்தில் வெறுக்காதவர் இல்லை. வாசலில் நின்று அவன் பேசுகிற பேச்சுக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்ட வீடுகள் எங்கள் தெருவிலேயே உண்டு. அவனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போன அன்று கெடார் டீக்கடையில் ஒருவர் எல்லோருக்கும் தன் கணக்கில் டீ வாங்கிக் கொடுத்தார்.

அவனுக்காக என் மாமா ஆஜரானார். முதலாளியும் அவனைக் கைகழுவிவிட்டாராம். நாலைந்து வக்கீல்கள் மாட்டேன் என்று சொன்ன பிறகு, அவனுடைய தாய் மாமாவின் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தாளாம். இதெல்லாம் எங்களுக்குப் பின்னால்தான் தெரியும். அன்று தெரிந்ததெல்லாம், நம் வீட்டு மனிதர் அந்தப் பாவிக்கு வக்கீல் என்பது ஒன்றுதான்.

விசாரணையின் ஒரு நாள் நான் கோர்ட்டுக்குப் போயிருந்தேன். போகாமல் இருந்திருக்கலாம். செத்தவனின் மனைவி கூண்டில் நின்றாள். மாமா மெதுவாகத்தான் பேசினார். அவருக்குக் குரலை உயர்த்தும் வழக்கம் கிடையாது. நிலம், நேரம், தூரம் என்று பத்துக் கேள்விகள் கேட்டுவிட்டு, பதினோராவதாக, "உன் புருஷன் தினமும் சாராயம் குடிப்பாரா?" என்றார். அவள் பதில் சொல்லவில்லை. நீதிபதி பதில் சொல்லச் சொன்னார். "கூலி வந்த அன்னைக்குக் குடிக்கும்" என்றாள். வழக்குப் பார்க்க வந்த கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

அன்றைக்குத்தான் நான் மாமாவோடு பேசுவதை நிறுத்தினேன்.

இந்தக் கட்டுரையில் நான் கேட்க விரும்பும் கேள்வி, வெறுக்கப்பட்டவனுக்கு வக்கீல் வேண்டுமா என்பதல்ல. வேண்டும். அதில் இன்று எனக்குச் சந்தேகம் இல்லை. அரசியல் சட்டத்தின் 22-ஆவது பிரிவு, கைது செய்யப்பட்ட எவனுக்கும் தனக்குப் பிடித்த வக்கீலை வைத்துக்கொள்ளும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. நல்லவனுக்கு மட்டும் என்று அதில் எழுதவில்லை. கோயமுத்தூரில் வக்கீல்களுக்கும் போலீசாருக்கும் மோதல் ஏற்பட்டு, குற்றம் சாட்டப்பட்ட போலீஸ்காரர்களுக்காகத் தங்கள் உறுப்பினர் எவரும் ஆஜராகக் கூடாது என்று அங்குள்ள வழக்கறிஞர் சங்கம் ஒரு தீர்மானம் போட்டது. 2010 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட், இப்படிப்பட்ட தீர்மானங்கள் சட்டத்துக்கும் வக்கீல் தொழிலின் மரபுக்கும் விரோதமானவை, செல்லாதவை என்று தீர்ப்பளித்தது. அடி வாங்கிய வக்கீலின் கோபம் நமக்குப் புரிகிறது. ஆனால் ஊரில் உள்ள வக்கீல்கள் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டால் அப்புறம் கோர்ட் எதற்கு? டீக்கடையிலேயே தீர்ப்பு எழுதிவிடலாமே!

பதினோரு மாதம் கழித்து, அம்மா அனுப்பிய முறுக்கு டப்பாவோடு மாமாவைப் பார்க்கப் போனேன். வழக்கு முடிந்திருந்தது. மாமா அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. "பாஸ்டன் கேஸ் தெரியுமா உனக்கு?" என்று ஆரம்பித்தார். தெரியாது என்றேன். நான் சட்டம் படித்தவனல்ல. கல்லூரிப் படிப்பையே பாதியில் முடித்துக்கொண்டவன். அன்று அவர் சொன்னதையும் பின்னால் நானாகப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

அமெரிக்கா இங்கிலாந்தின் குடியேற்ற நாடாக இருந்த காலம். பாஸ்டன் 16,000 பேர் வாழ்ந்த துறைமுக நகரம். வரி வசூலுக்குத் துணையாக 1768-இல் அங்கே பிரிட்டிஷ் பட்டாளம் வந்து இறங்கியது. சிவப்புக் கோட்டுச் சிப்பாய்களை ஊருக்குப் பிடிக்கவில்லை. 1770 மார்ச் 5-ஆம் தேதி இரவு, தரையெல்லாம் பனி. சுங்கச் சாவடி வாசலில் ஒரே ஒரு பாராக்காரன் நின்றிருந்தான். ஒரு பையனோடு வாய்ச்சண்டை, அவன் பையனை அடித்தான், கூட்டம் கூடியது. பனிக்கட்டியும் கட்டையும் பறந்தன. பாராக்காரனுக்கு உதவியாகக் காப்டன் பிரஸ்டன் ஏழு பேரோடு வந்தார். யார் முதலில் சுட்டது, சுடச் சொன்னது யார் என்பதெல்லாம் கூச்சலில் கரைந்துபோயிற்று. மூன்று பேர் அங்கேயே செத்தார்கள். பதினேழு வயதுப் பையன் ஒருவன் மறுநாள் காலை செத்தான். ஐந்தாவது ஆளான பாட்ரிக் கார் என்ற ஐரிஷ்காரன் சில நாள் கிடந்து செத்தான்.

ஊர் கொந்தளித்தது. சிப்பாய்களுக்கு வக்கீல் கிடைக்கவில்லை. அவர்களுக்காகப் பரிந்து வந்த ஒரு வியாபாரி கண்ணீரோடு ஜான் ஆடம்ஸிடம் போனார். ஆடம்ஸுக்கு அப்போது 34 வயது. ராஜாங்கத்தின் வரிகளை எதிர்த்து எழுதியவர். பட்டாளத்தை விரட்டத் துடித்த சாமுவேல் ஆடம்ஸ் அவருக்கு உறவினர். அதாவது, சுட்டவர்கள் அவருடைய எதிர்க்கட்சி. செத்தவர்கள் அவருடைய ஊர். வக்கீல் இல்லாமல் ஒரு மனிதனும் நிற்கக் கூடாது என்று சொல்லி வழக்கை ஏற்றுக்கொண்டார். அவரோடு சேர்ந்து வாதாடியவர் ஜோசையா குவின்ஸி என்ற இளைஞர். மகன் இந்த வழக்கில் இறங்கியதற்காகத் தகப்பனார் மனம் வெந்து கடிதம் எழுதினார். இன்னொரு வேடிக்கை: எதிர்த்தரப்பில் சர்க்கார் வக்கீலாக நின்றவர் ஜோசையாவின் அண்ணன் சாமுவேல் குவின்ஸி. அண்ணன் ராஜ விசுவாசி, அவர் சிப்பாய்களுக்குத் தண்டனை கேட்கிறார். தம்பி தேசபக்தர், அவர் சிப்பாய்களுக்காக வாதாடுகிறார். நாவலில் எழுதினால் பத்திரிகை ஆசிரியர், 'நம்பும்படி இல்லை' என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

அக்டோபரில் காப்டனின் விசாரணை நடந்தது, அவருக்கு விடுதலை. நவம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் 5 வரை எட்டுச் சிப்பாய்களின் விசாரணை. ஜூரிகளில் பாஸ்டன்காரர் ஒருவரும் இல்லை. ஆறு பேர் விடுதலையானார்கள். இரண்டு பேர் மேல், கொலைக்குக் குறைந்த குற்றம் தீர்மானமாயிற்று. அவர்களும் பழைய சட்டச் சலுகை ஒன்றைக் கேட்டு உயிர் தப்பினார்கள். மறுபடி அந்தச் சலுகையைக் கேட்க வராதபடி கட்டைவிரலில் சூடு போட்டு அனுப்பினார்கள்.

இதனால் தம் தொழிலில் பாதிக்கு மேல் போய்விட்டது என்று ஆடம்ஸ் பிற்காலத்தில் சொல்லிக்கொண்டார். போயிருக்கலாம். ஆனால் அதே 1770-ஆம் வருஷம், விசாரணைக்கு முன்பே, அதே பாஸ்டன் மக்கள் அவரைச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பின்னால் அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதியும் ஆனார். ஊர் முழுவதும் அவரைத் தூற்றியது என்று கதை சொல்கிறவர்கள் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார்கள். தம் வாழ்நாளில் செய்த மேலான காரியங்களில் அது ஒன்று என்று மூன்று வருஷம் கழித்து அவரே டைரியில் குறித்து வைத்தார். சரிதான் என்றுதான் நானும் சொல்வேன்.

இதுவரை மாமாவின் கதை. "எப்படி?" என்பதுபோல் என்னைப் பார்த்தார். எனக்கு வாயடைத்துப் போயிற்று. உயர்ந்த கதையைச் சொல்லித் தம்மை அதற்குள் உட்கார வைத்துக்கொள்வதில் வக்கீல்களும் எழுத்தாளர்களும் ஒரு ஜாதி.

மற்றப் பாதியை நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். உயிருக்குப் பயந்து சுட்டார்கள் என்றால் கூட்டம் பயமுறுத்தியது என்று காட்ட வேண்டும். அது நியாயம். கட்டை இருந்ததா, எறிந்தார்களா, துப்பாக்கியைப் பிடித்து இழுத்தார்களா என்றெல்லாம் கேட்காமல் அந்த வழக்கை நடத்த முடியாது. ஆனால் ஆடம்ஸ் அங்கே நிற்கவில்லை. அந்தக் கூட்டம் யார் என்று ஜூரிகளுக்கு எடுத்துச் சொன்னார். துடுக்குப் பையன்கள், கறுப்பர்கள், கலப்பு இனத்தவர்கள், ஐரிஷ்காரர்கள், எங்கிருந்தோ வந்த கப்பல் கூலிகள் என்று பட்டியல் போட்டார். முதலில் விழுந்து செத்த கிறிஸ்பஸ் அட்டக்ஸ் ஆப்பிரிக்க ரத்தமும் செவ்விந்திய ரத்தமும் கலந்த மாலுமி. அவனுடைய தோற்றமே எவரையும் நடுங்க வைக்கப் போதும் என்றார். பழியில் பெரும்பகுதியை அவன் தலையில் வைத்தார்.

ஜோசையா குவின்ஸி, பட்டாளத்தை விரட்ட ஊரே போட்ட திட்டத்தைச் சாட்சிகள் மூலம் கிளறப் பார்த்தபோது ஆடம்ஸ் அவரைத் தடுத்து நிறுத்தினார். ஊரின் பெயர் கெட்டுவிடக் கூடாதே! ஊர் நல்ல ஊர், சிப்பாய்களும் பாவம். கெட்டது நடுவில் வந்த நாதியற்றவர்களால் என்று முடிந்தது வாதம். சிப்பாய்கள் பிழைத்தார்கள். ஊர்ப் பெரியவர்களின் மானமும் பிழைத்தது. இரண்டுக்கும் சேர்த்து விலை கொடுத்தவர்கள் செத்தவர்கள். அதிலும் கேட்க ஆளில்லாதவர்கள்.

அந்த ஐரிஷ்காரன் பாட்ரிக் காரின் விஷயம் எனக்கு நெஞ்சில் முள்ளாகவே இருக்கிறது. படுக்கையில் கிடந்தபோது அவன் டாக்டரிடம், சிப்பாய்கள் தங்களைக் காத்துக்கொள்ளத்தான் சுட்டார்கள் என்றும், தன்னைச் சுட்டவன் மேல் தனக்குக் கோபமில்லை என்றும் சொன்னான். டாக்டர் அதைக் கோர்ட்டில் சொன்னார். சிப்பாய்களைக் காப்பாற்றிய சாட்சியங்களில் அது முக்கியமானது. அதே கோர்ட்டில்தான் ஆடம்ஸ் 'ஐரிஷ்காரர்கள்' என்ற சொல்லை வசவுபோல வீசினார். வெளியே சாமுவேல் ஆடம்ஸ் பத்திரிகையில் எழுதினார்: கத்தோலிக்கனாகச் செத்தவன் வார்த்தையை எப்படி நம்புவது என்று. கொன்றவர்களை மன்னித்துவிட்டுப் போன மனிதனை இரண்டு கட்சியும் சேர்ந்து அவமதித்தது.

அது அந்நிய நாட்டு வழக்கு, நமக்கென்ன என்று தோன்றலாம். நம் செங்கோட்டை வழக்குக்கு வருகிறேன். அங்கே நின்ற ராணுவத்தினர் வெறுக்கப்பட்டவர்கள் அல்லர். தேசமே தோளில் தூக்கிக்கொண்டவர்கள். அதனால்தான் அதையும் பார்க்க வேண்டும் என்கிறேன்.

1945 நவம்பர் 5-ஆம் தேதி, டெல்லி செங்கோட்டையில் ராணுவ நீதிமன்றம் கூடியது. இந்திய தேசிய ராணுவத்தின் மூன்று அதிகாரிகள்: ஷா நவாஸ் கான், பிரேம் குமார் ஸகால், குர்பக்ஷ் சிங் தில்லான். சக்கரவர்த்திக்கு எதிராகப் போர் தொடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. எதிர்த்தரப்பு வக்கீல்களின் தலைவர் புலாபாய் தேசாய். 68 வயது, உடம்பு சரியில்லாதவர். அந்த வருஷந்தான் சட்டசபைத் தேர்தலில் அவருக்கு இடம் கொடுக்காமல் அவருடைய காங்கிரஸே அவரை ஒதுக்கி வைத்திருந்தது. ஜவாஹர்லால் நேரு எத்தனையோ வருஷம் மாட்டியிருந்த பாரிஸ்டர் அங்கியைத் தூசி தட்டி எடுத்து உடுத்திக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அடிமைப்பட்ட ஒரு ஜனம் தன் விடுதலைக்காகப் போர் தொடுக்கும் உரிமை உடையது என்று புலாபாய் வாதாடினார். மூவருக்கும் விதிக்கப்பட்ட நாடு கடத்தலைத் தளபதி ஆக்கின்லெக் 1946 ஜனவரியில் ரத்து செய்தார். அந்த மே மாதமே புலாபாய் காலமானார். மலாயாத் தோட்டங்களிலிருந்து அந்தப் படையில் சேர்ந்த தமிழர்கள் ஏராளம்; ஆகையால் நம் ஊர்களிலும் அந்த வழக்கு குடும்ப விஷயம்போல் பேசப்பட்டது.

நாம் மறந்துவிட்ட ஒன்றும் அந்தக் குற்றப் பத்திரிகையில் இருந்தது. போர் தொடுத்தது மட்டும் குற்றச்சாட்டு அல்ல. ஹரி சிங், துலி சந்த், தர்யாவ் சிங், தரம் சிங் என்ற நான்கு பேரை 1945 மார்ச்சில் பர்மாவில் கொலை செய்ததாகத் தில்லான் மேலும், அதற்குத் தூண்டியதாக ஸகால் மேலும் குற்றச்சாட்டு. முகமது ஹுசைன் என்ற ஒருவனின் கொலைக்கு உடந்தை என்று ஷா நவாஸ் மேல். படையை விட்டு ஓடி எதிரியிடம் போகப் பார்த்தார்கள் என்பது அந்த ஐவர் செய்த பிழை. தில்லானும் ஸகாலும் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுபட்டார்கள். முகமது ஹுசைன் விஷயத்தில் ஷா நவாஸ் குற்றவாளி என்று நீதிமன்றம் கண்டது.

போர்க்களத்தில் ஓடுகிறவனுக்கு எந்தப் படையிலும் அதுதான் கதி என்று சொல்லலாம். புலாபாயின் வாதத்திலும் நான் குறை காணவில்லை. அவர் தம் கட்சிக்காரர்களுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தார். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த ஐந்து பேரும் இந்தியர்கள். அவர்களுடைய பெயரை அன்று உரக்கச் சொன்னவர் சர்க்கார் வக்கீல் ஒருவர்தான். நாம் வெறுத்த ஒரு சர்க்கார், தன் காரியத்துக்காக அந்தப் பெயர்களைச் சொல்லிற்று. நாம் நேசித்த தலைவர்களில் ஒருவருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. 'ஸகால், தில்லான், ஷா நவாஸ்' என்று தெருத்தெருவாகக் கோஷம் போட்ட நாட்டில், துலி சந்தின் தாய்க்கு யார் என்ன சொல்லியிருப்பார்கள்?

ஆக, வெறுக்கப்பட்ட சிப்பாய்க்காக வாதாடினாலும் சரி, போற்றப்பட்ட அதிகாரிக்காக வாதாடினாலும் சரி, செத்தவனுக்குக் கிடைப்பது ஒன்றேதான். சர்க்கார் வக்கீல் அவனுடைய வக்கீல் அல்ல, சர்க்காரின் வக்கீல். 2008-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு பாதிக்கப்பட்டவர் தரப்பில் ஒரு வக்கீல் சர்க்கார் வக்கீலுக்கு உதவியாக உட்காரலாம். அதற்கும் கடலை பிடுங்குகிறவளிடம் காசு வேண்டும். பலாத்கார வழக்குகளில் பெண்ணின் பொது நடத்தையைக் கிளறி அவள் சாட்சியத்தைக் கெடுக்கலாம் என்று சாட்சியச் சட்டத்தில் ஒரு பிரிவு வெகுகாலம் இருந்தது. 2002-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தில்தான் அதை எடுத்தார்கள். உயிரோடிருந்து வெகுண்டெழுந்தவர்களுக்கே அதற்கு இத்தனை காலம் பிடித்தது. செத்தவன் எழுந்து வரப்போவதில்லை.

தமிழில் செத்தவனுக்காக வாதாடிய வக்கீல் என்று நினைத்தால் எனக்குக் கண்ணகிதான் நினைவுக்கு வருகிறாள். கோவலனுக்கு விசாரணையே நடக்கவில்லை, வக்கீலும் இல்லை. வெட்டின பிறகு வழக்கு. அவள் பாண்டியனிடம் போய், என் கணவன் உத்தமன் என்று சாட்சி சொல்லவில்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? சொல்லவும் முடியாது, மாதவி வீட்டு விவகாரம் ஊருக்கே தெரியும். சிலம்புக்குள்ளே இருப்பது முத்தா மாணிக்கமா என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டாள். அவன் என்ன செய்தான் என்பதுதான் அங்கே வழக்கு. அவன் எப்படிப்பட்டவன் என்பதல்ல. பாண்டியனும் அதைக் கேட்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் அவன் நம் கோர்ட்டுகளைவிட மேல்.

ஆடம்ஸின் கட்டையும் பனிக்கட்டியும் செய்கையைப் பற்றிய கேள்விகள். அட்டக்ஸின் முகம் அப்படியல்ல. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். கட்சிக்காரனின் உயிரே தொங்கும்போது கோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பானா வக்கீல், எது பலிக்குமோ அதைச் சொல்ல வேண்டியதுதானே என்று வக்கீல் நண்பர்கள் கேட்கிறார்கள். தூக்குக் கயிற்றின் கீழ் நிற்கிறவனுடைய தாயின் இடத்திலிருந்து பார்த்தால் அவர்கள் சொல்வதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மற்றவள் இடத்திலிருந்து பார்த்தால் முடிகிறது.

மாமா போன வருஷம் காலமானார். அதற்குச் சில மாதங்களுக்கு முன்பு ஒரு சாயங்காலம் அந்த வழக்கைப் பற்றி நானே எடுத்தேன். அவருக்கு ஒரு விவரமும் மறக்கவில்லை. செத்தவன்தான் முதலில் மண்வெட்டியை ஓங்கினான் என்பதைப் பக்கத்து நிலத்துக்காரர் குறுக்கு விசாரணையில் ஒப்புக்கொண்டார். கேஸ் அதில்தான் நின்றது, காயம் விளைவித்தது என்ற அளவில் சிறு தண்டனையோடு போயிற்று என்றார்.

"அப்படியானால் அந்தச் சாராயக் கேள்வி எதற்கு மாமா?" என்று கேட்டேன்.

கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். வெகு நேரம் பேசவில்லை.

"அது இல்லாமலே நின்றிருக்கும்ப்பா" என்றார்.

"பின் ஏன் கேட்டீர்கள்?"

"கேட்கிறது வழக்கம்" என்றார்.

அந்த அம்மாளை நான் இன்னும் பார்க்கிறேன். கெடார் பஸ் நிறுத்தத்தில் காலை வேளையில் கூடையோடு நிற்பாள். பிள்ளைகள் பெரியவர்களாகிவிட்டார்கள், ஒருவன் சென்னையில் வேலையாக இருக்கிறானாம். நான் யார் வீட்டுப் பிள்ளை என்பது அவளுக்குத் தெரியும். போன வாரம்கூட, "விழுப்புரம் பஸ் போயிடுச்சா தம்பி?" என்று கேட்டாள். இன்னும் வரவில்லை என்றேன். இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தோம்.